கனடாவில் கையில் ஒரு வாரம்: ராக்கி மலையா, அல்கோன்குவின் ஏரிகளா, பனிக்காலமா?

டொராண்டோவில் மகன் வீட்டுக்கோ அக்கா வீட்டுக்கோ வந்து சேர்பவர்கள், நயாகராவைப் பார்த்து முடித்ததும் கேட்பது ஒன்றுதான்: "அடுத்து எங்கே போகலாம்?" அழைத்துப் போகிறவர்களுக்குக் கிடைக்கும் விடுப்பு பெரும்பாலும் ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தைக் காரிலும் கடைத்தெருவிலும் கழிக்காமல், நடந்து, துடுப்புப் போட்டு, பனியில் விளையாடிக் கழிக்க வேண்டும் என்றால் முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. மேற்கே ஆல்பர்ட்டாவின் ராக்கி மலைகள். வடக்கே மூன்று மணி நேரத் தூரத்தில் அல்கோன்குவின் பூங்காவின் ஏரிகள். அல்லது பயணத்தையே பனிக்காலத்தில் வைத்துக்கொண்டு ஸ்கேட்டிங், ஸ்கீயிங்.

என் கட்சி எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் தங்கியிருப்பவர்கள், அதுவும் முதல் முறை வருபவர்கள், செப்டம்பர் முதல் பாதியில் அல்கோன்குவினுக்குப் போய்க் கேனோ என்ற ஒல்லியான துடுப்புப் படகில் ஏற வேண்டும். ராக்கி மலைகள் அழகில் குறைந்தவை என்று இதற்கு அர்த்தமில்லை. கண்ணுக்கு மட்டும் என்றால் அவற்றுக்கு ஈடே இல்லை. ஆனால் எது அழகு என்று கேட்டுக்கொண்டு இந்த முடிவை எடுக்க முடியாது. எந்த மாதம் வருகிறீர்கள், எவ்வளவு தூரம் போக முடியும், கூட வருபவர்களின் முழங்காலும் மூச்சும் எப்படி இருக்கின்றன, இந்த மூன்றும்தான் முடிவைச் சொல்லும்.

தூரத்தை எடுத்துக்கொள்வோம். கனடாவின் பரப்பு 99.8 லட்சம் சதுர கிலோமீட்டர், இந்தியாவைப்போல் மூன்று மடங்கு. ஆறு நேர மண்டலங்கள். டொராண்டோவிலிருந்து ராக்கி மலைகளில் இருக்கும் பான்ஃபுக்குச் சாலை வழியாக ஏறக்குறைய 3,400 கிலோமீட்டர், கன்னியாகுமரியில் வண்டியை எடுத்துக் காஷ்மீர் போவதற்குக் கிட்டத்தட்ட சமம். விமானத்தில் கால்கரிக்கு நாலு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து பான்ஃப் நகருக்கு இன்னும் 130 கிலோமீட்டர். ஊரிலிருந்து வரைபடத்தைப் பார்த்து, "டொராண்டோ, அப்புறம் பான்ஃப், அப்படியே வான்கூவர்" என்று ஒரே வாரத்தில் போடும் திட்டம் பாதி நாட்களை விமான நிலையங்களிலேயே தின்றுவிடும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அங்கேயே இருங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

சரி, ராக்கி மலைகள். பான்ஃப் 1885-ல் வெந்நீர் ஊற்றுகளைப் பாதுகாக்க ஒதுக்கிய சிறு நிலத்திலிருந்து வளர்ந்தது. கனடாவின் முதல் தேசியப் பூங்கா அதுதான். இன்று 6,641 சதுர கிலோமீட்டர். அங்குள்ள லூயிஸ் ஏரியும் மொரேன் ஏரியும் ஏன் அந்த நீலப்பச்சை நிறத்தில் இருக்கின்றன என்று எல்லோரும் கேட்பார்கள். மேலே பனியாறு பாறையை அரைத்து மாவாக்குகிறது. அந்த மாவு உருகிய நீரோடு ஏரிக்கு வந்து, அடியில் படியாமல் மிதந்து, ஒளியைச் சிதறடிக்கிறது. பனி நன்றாக உருகும் ஜூலை, ஆகஸ்டில்தான் நிறம் உச்சத்தில் இருக்கும். மே மாதத்தில் மலிவாகக் கிடைத்தது என்று டிக்கெட் போட்டு வருபவர்கள், லூயிஸ் ஏரி இன்னும் வெள்ளையாக உறைந்து கிடப்பதைப் பார்த்துத் திகைத்துப் போகிறார்கள். ஜூன் முதல் வாரம் வரை பனிக்கட்டி இருப்பது சாதாரணம். உயரத்தில் இருக்கும் மலைப்பாதைகளில் ஜூலை தொடங்கியும் பனி கிடக்கும். ஆகவே ராக்கிக்கு உண்மையான பருவம் ஜூலை முதல் செப்டம்பர் வரைதான்.

அங்கே என்ன செய்வது? நடப்பது. அதற்காகத்தான் அங்கே போக வேண்டும். ஜான்ஸ்டன் கேன்யனில் கீழ் அருவி வரை 1.2 கிலோமீட்டர், பாறைச் சுவரில் பொருத்திய பாலங்கள் வழியே போகும் பாதை. பத்து வயதுப் பிள்ளையும் தாத்தாவும் சேர்ந்து போகலாம். லூயிஸ் ஏரிக் கரையிலிருந்து ஆக்னஸ் ஏரித் தேநீர் விடுதிக்கு ஏறும் பாதை ஒரு வழி மூன்றரைக் கிலோமீட்டர், ஏற்றம் 400 மீட்டர். விடுதியை 1901-ல் கனடிய பசிபிக் ரயில்வே கட்டியது. இன்றும் அங்கே மின்சாரம் கிடையாது. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்குச் சற்று மேல், அதாவது ஏறக்குறைய கொடைக்கானல் உயரம். அதனால் மூச்சுத் திணறலுக்குப் பயப்பட வேண்டாம். தொடர்ந்து ஒன்றரை மணி நேரம் ஏறும் கால் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். அந்த ஏற்றத்துக்குப் பிறகு குடிக்கும் சூடான டீயின் சுவையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஆனால் பான்ஃபில் கூட்டம் ஒரு பெரிய பிரச்சினை. மொரேன் ஏரிக்குச் சொந்தக் காரில் போக 2023 முதல் அனுமதி இல்லை. தேசியப் பூங்காக்களை நடத்தும் பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பேருந்து, ரோம் என்ற உள்ளூர்ப் பேருந்து, அல்லது சுற்றுலா வண்டி. ஷட்டில் இடங்களில் ஒரு பகுதியை வசந்தத்திலேயே திறக்கிறார்கள். மீதியைப் பயணத்துக்கு இரண்டு நாள் முன்பு காலை எட்டு மணிக்கு, அதுவும் ஆல்பர்ட்டா நேரப்படி. அந்த நிமிடத்தில் கணினி முன் உட்கார்ந்திருக்க வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் பான்ஃப் நகரில் 400 கனடிய டாலருக்குக் கீழே நல்ல அறை கிடைப்பது அரிது. பக்கத்து ஊரான கான்மோர் கொஞ்சம் பரவாயில்லை. லூயிஸ் ஏரியில் கேனோ வாடகை ஒரு மணி நேரத்துக்கே 100 டாலரைத் தாண்டுகிறது. படம் எடுக்க வேண்டும் என்ற ஆசைக்கு அது சரி. கேனோவை அனுபவிக்க அது இடமில்லை.

கரடி விஷயத்தைச் சற்று நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் பெரியவர்களின் முதல் பயமே அதுதான். ராக்கியில் கறுப்புக் கரடியும் உண்டு, கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடியும் உண்டு. விதி எளிமையானது: கரடி, ஓநாயிடமிருந்து 100 மீட்டர், எல்க், மூஸ் என்ற பெரிய மான் வகைகளிடமிருந்தும் மற்ற மான்களிடமிருந்தும் 30 மீட்டர் விலகி நிற்க வேண்டும். பேசிக்கொண்டே நடக்க வேண்டும், கூட்டமாக நடக்க வேண்டும். மொரேன் ஏரிப் பக்கத்துப் பாதைகளில் சில பருவங்களில் நாலு பேராக நெருங்கித்தான் போக வேண்டும் என்று உத்தரவே போடுவார்கள். கரடி நெருங்கினால் அதன் முகத்தை நோக்கி அடிக்கும் காரத் தெளிப்பான்தான் கரடி ஸ்ப்ரே. அதை விமானத்தில் கொண்டுபோக முடியாது, அங்கே போய் வாங்க வேண்டும் அல்லது வாடகைக்கு எடுக்க வேண்டும். பையின் அடியில் வைத்தால் பயனில்லை, இடுப்பில் இருக்க வேண்டும். இவ்வளவையும் ஒழுங்காகச் செய்கிறவர்களுக்குக் கரடியைவிட வழுக்கும் கல்தான் பெரிய ஆபத்து.

இன்னொன்று புகை. காட்டுத்தீப் பருவத்தில் சில நாட்கள் மலையே தெரியாமல் போகும். 2024 ஜூலையில் ராக்கியிலேயே பான்ஃபுக்கு வடக்கே இருக்கும் ஜாஸ்பர் நகரின் கட்டடங்களில் மூன்றில் ஒரு பங்கு தீக்கிரையானது. ஆகவே ராக்கிக்கு ஆகஸ்டில் போவதாக இருந்தால், ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். செப்டம்பர் பிற்பாதி என் தேர்வு. லார்ச் மரங்களின் ஊசியிலைகள் பொன்னிறமாக மாறும் அந்தப் பத்துப் பதினைந்து நாட்களில் புகையும் பெரும்பாலும் குறைந்திருக்கும். மொரேன் ஏரிச் சாலை அக்டோபர் நடுவில் மூடிவிடும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

இனி அல்கோன்குவின். டொராண்டோவிலிருந்து 400-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து, அப்புறம் 11, ஹன்ட்ஸ்வில்லில் 60 என்று போனால் மூன்று மணி நேரத்தில் மேற்கு வாசல். 1893-ல் உருவான பூங்கா, ஒன்டாரியோவின் மாகாணப் பூங்காக்களில் மூத்தது. 7,600 சதுர கிலோமீட்டரில் 2,400-க்கு மேற்பட்ட ஏரிகள். அவற்றை ஓடைகளும் போர்ட்டேஜ் பாதைகளும் இணைக்கின்றன. போர்ட்டேஜ் என்றால் ஓர் ஏரி முடியுமிடத்தில் கேனோவைத் தலைக்குமேல் கவிழ்த்துத் தோளில் சுமந்து அடுத்த ஏரிக்கு நடப்பது. இப்படி 2,000 கிலோமீட்டருக்கு மேல் படகுப் பாதை இருக்கிறது. சாலை தொடுவது தெற்கு ஓரத்தை மட்டும்தான். பூங்காவின் உள்ளே போகத் துடுப்பு வேண்டும்.

இதனால்தான் நான் இதை முதலில் வைக்கிறேன். கேனோ இந்த மண்ணின் பழங்குடிகள் செய்த வண்டி. பிர்ச் மரப்பட்டையைச் சட்டத்தில் போர்த்தி, பசைபூசி, ஒருவர் தூக்கிப்போகும் எடையில் செய்தார்கள். சாலைகள் வருவதற்கு முன் இந்த நாட்டின் போக்குவரத்து அதில்தான் நடந்தது. மலை ஏற உலகில் எத்தனையோ இடங்கள் உண்டு. ஏரிக்கு ஏரி தாண்டி, மாலைக்குள் மனித வாடையே இல்லாத ஒரு கரையில் இறங்கிக் கூடாரம் அடிக்கும் அனுபவம் இவ்வளவு எளிதாக, இவ்வளவு மலிவாகக் கிடைக்கும் இடம் அரிது. கேனோவின் ஒரு நாள் வாடகை 50 முதல் 70 டாலர் வாக்கில். உள்ளே கூடாரம் அடிக்கும் இடத்துக்கு ஒருவருக்கு ஓர் இரவுக்கு 20 டாலருக்குள். பான்ஃபில் ஓர் அறைக்கு ஒரே இரவில் கொடுப்பதை வைத்து நாலு பேர் குடும்பம் இங்கே இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம்.

நீச்சல் தெரியாதே என்பார்கள். நம்மவர்களில் பலருக்குத் தெரியாது, அது உண்மைதான். லைஃப் ஜாக்கெட் ஆளுக்கொன்று படகில் இருந்தே ஆக வேண்டும் என்பது கனடாவின் சட்டம். படகில் போட்டு வைத்தால் போதாது, உடம்பில் மாட்டிக் கொக்கியைப் பூட்ட வேண்டும். முதல் நாள் கேனோ ஏரியின் கரையோரமாக ஒரு மணி நேரம் பழகினால் நேராகச் செலுத்த வந்துவிடும். பின்னால் இருப்பவர்தான் திசை பார்க்க வேண்டும், முன்னால் இருப்பவருக்கு உந்துவது மட்டுமே வேலை. எழுந்து நிற்கக் கூடாது. காலையில் தண்ணீர் அசையாமல் கிடக்கும், மதியத்துக்குமேல் காற்று எழும். அதனால் விடியலில் கிளம்பி மதியத்துக்குள் இடம் சேர்வது நல்லது. பூங்காவின் பெரிய ஏரியான ஓபியோங்கோவில் அலை பயமுறுத்தும் அளவுக்கு எழும். அங்கே போவதாக இருந்தால் வாட்டர் டாக்ஸி என்ற மோட்டார் படகு உங்களையும் கேனோவையும் மறுகரையில் இறக்கிவிடும். முதல் முறை போகிறவர்களுக்குக் கேனோ ஏரியிலிருந்து ஜோ ஏரிக்குப் போகும் வழி போதும். இடையில் 300 மீட்டர் அளவில் ஒரே ஒரு போர்ட்டேஜ், அகலமான, மேடுபள்ளம் குறைந்த பாதை. டாம் தாம்சன் என்ற ஓவியர் 1917-ல் இறந்தது இந்தக் கேனோ ஏரியில்தான். கனடியர்கள் தங்கள் காட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டது அவருடைய ஓவியங்களில்தான் என்று சொல்லலாம்.

சாப்பாட்டுக்கு ஒரு விஷயம். படகில் போகும் உட்பகுதிகளுக்குத் தகர டப்பாவும் கண்ணாடிப் பாட்டிலும் கொண்டுபோகத் தடை. ஊறுகாயைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். இட்லிப் பொடி, புளியோதரைப் பொடி, அரிசி, ரெடிமேட் சப்பாத்தி, இவை காட்டில் அமிர்தம். சமைத்து முடித்ததும் மிச்சம் மீதி, பற்பசை உட்பட மணக்கும் எல்லாவற்றையும் பையில் போட்டு மரக்கிளையில் உயரத் தொங்கவிட வேண்டும். இங்கே இருப்பது கறுப்புக் கரடி. அது உங்களைத் தேடி வராது, உங்கள் சாப்பாட்டைத் தேடித்தான் வரும். கழிப்பறை என்பது கூடாரத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு மரப்பெட்டி, தண்டர் பாக்ஸ் என்பார்கள். அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது முடியாது என்றால் ஹன்ட்ஸ்வில்லில் ஓர் அறையோ வாடகை வீடோ எடுத்துக்கொண்டு, பகலில் வந்து கேனோ போட்டுவிட்டு இரவு திரும்பலாம். பாதி அனுபவம் கிடைக்கும். பாதியே நிறைவாக இருக்கும்.

அல்கோன்குவினின் எதிரி பூச்சி. மே நடுவிலிருந்து ஜூன் முடிய கருங்கொசு என்று சொல்லத்தக்க பிளாக் ஃப்ளை ரத்தம் வரக் கடிக்கும். ஜூன், ஜூலையில் கொசு. சாலையோரத்தில் மூஸ் அதிகம் தெரிவதும் மே, ஜூனில்தான். குளிர்காலத்தில் சாலைக்குப் போட்ட உப்பு கலந்த நீரைக் குடிக்க அது வரும். மூஸுக்காகக் கடி வாங்கத் தயார் என்றால் வாருங்கள். ஆகஸ்டில் பூச்சி குறையும், தண்ணீர் நீந்தும் அளவுக்கு வெதுவெதுப்பாக இருக்கும். அந்த மாதத்து வியாழக்கிழமைகளில், முந்தின இரவு ஓநாய்க் கூட்டம் இருக்குமிடம் தெரிந்திருந்தால், பூங்கா ஊழியர்கள் மக்களைக் காரில் வரிசையாக அழைத்துப் போய் ஓநாய்போல் ஊளையிட்டுக் காட்டுவார்கள். பதிலுக்கு ஓநாய்களும் ஊளையிடும். 1963 முதல் நடக்கும் வழக்கம் இது. செப்டம்பர் முதல் திங்கள் தொழிலாளர் தினம் முடிந்து பள்ளிகள் திறந்ததும் கூட்டம் சட்டென்று வடிந்துவிடும். பூச்சி இல்லை, தண்ணீர் இன்னும் முழுக்கக் குளிர்ந்துவிடவில்லை, லூன் பறவையின் நீண்ட அழைப்பு இரவெல்லாம் கேட்கும். இரவுக் குளிர் 5 டிகிரி வரை இறங்கலாம், அதற்கேற்ற படுக்கைப் பை வேண்டும். மேப்பிள் இலைகள் சிவக்கும் செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் பேரழகுதான். ஆனால் அந்த வாரயிறுதிகளில் கார் அனுமதிச் சீட்டே தீர்ந்துவிடும், நெடுஞ்சாலை நகராது. இலைக்காகப் போகிறவர்கள் செவ்வாய், புதன் பார்த்துப் போங்கள்.

பனிக்காலத்தைப் பற்றி என் கருத்து சற்றுக் கடுமையானது. பனி பார்க்க வேண்டும் என்பதற்காக மட்டும் முதல் பயணத்தை ஜனவரியில் வைக்காதீர்கள். பொங்கல் விடுமுறையோ பிரசவமோ, ஏதோ காரணத்தால் அந்த மாதங்களில் வர நேர்ந்தால், வீட்டுக்குள் முடங்கவும் வேண்டாம். ஒட்டாவாவின் ரிடோ கால்வாய் உறைந்ததும் 7.8 கிலோமீட்டர் ஸ்கேட்டிங் தடமாகிறது. கட்டணமில்லை, ஸ்கேட்டு வாடகைக்குக் கிடைக்கும். ஆனால் அதை மட்டும் நம்பி டிக்கெட் போட முடியாத காலம் வந்துவிட்டது. 2022-23 குளிர்காலத்தில் அது தொடங்கிய நாள் முதல் இல்லாத விதமாகத் திறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு சில நாட்கள் மட்டுமே திறந்தது. இதை எழுதும்போது மனம் கனக்கிறது. ஒரு நகரமே வேலைக்கு ஸ்கேட்டில் போகும் காட்சி அது. கால்வாய் திறக்காவிட்டால் ஆற்றுக்கு அக்கரையில் காட்டினோ பூங்காவில் ஸ்னோஷூ, அதாவது பனியில் கால் புதையாமலிருக்கக் காலணிக்கு அடியில் கட்டும் அகலமான சட்டம், மாட்டி நடக்கலாம். நடக்கத் தெரிந்தால் போதும், கற்றுக்கொள்ள எதுவுமில்லை. பனிக்காலத்தில் புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது ஸ்னோஷூதான். ஸ்கீயிங் ஆசை என்றால் காலிங்வுட் அருகே புளூ மவுன்டன், டொராண்டோவிலிருந்து இரண்டு மணி நேரம். முதல் நாள் பயிற்சியாளரோடு மட்டும் இறங்குங்கள். உண்மையான பெரிய சரிவுகள் வேண்டுமென்றால் அது மறுபடியும் பான்ஃப் பக்கம்தான். குளிர்காலத்தில் அங்கே அறை வாடகை கோடையைவிடக் குறைவு.

உடையில் ஒன்றே ஒன்று: பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைக்கும். ஜீன்ஸும் பருத்திதான். காற்றோடு சேர்ந்த குளிர் மைனஸ் 28-க்குக் கீழே போனால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். அன்று வெளியே போவதையே தள்ளிப்போடுங்கள்.

வடக்கே யெல்லோநைஃப் போய்த் துருவ ஒளி பார்ப்பது, சர்ச்சிலில் துருவக் கரடி பார்ப்பது பற்றியும் கேட்கிறார்கள். சர்ச்சிலுக்குச் சாலையே கிடையாது, விமானம் அல்லது வினிப்பெக்கிலிருந்து இரண்டு நாள் ரயில். அவை தனிப் பயணங்கள், இந்த ஒரு வாரத்துக்குள் அடங்காது.

இப்போது யாருக்கு எது என்று பார்க்கலாம். பிள்ளைகள் உள்ள குடும்பம், நண்பர்கள், கையில் காசு குறைவு என்றால் அல்கோன்குவின். நன்றாக நடக்கிற தம்பதி, செலவைத் தாங்க முடியும், ஜூலை முதல் செப்டம்பருக்குள் வருகிறார்கள் என்றால் ராக்கி, ஒரு வாரம் முழுக்க அங்கேயே. முழங்கால் வலியோடு வரும் அம்மா அப்பாவுக்கும் ராக்கிதான் என்பேன். கேனோவில் உட்காருவது எளிது, ஆனால் அசையும் படகில் தாழ்ந்து இறங்கி ஏறுவதுதான் அவர்களுக்குக் கடினம். பான்ஃபில் பேருந்து உண்டு, சல்ஃபர் மலைக்குக் கோண்டோலா என்ற கம்பிவட வண்டி எட்டே நிமிடத்தில் ஏற்றிவிடும், லூயிஸ் ஏரிக் கரைப் பாதை சமதளம். ஒரு வாரமே கிடைக்காதவர்கள் மனம் தளர வேண்டாம். ஸ்கார்பரோவின் கிழக்கு ஓரத்தில் ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்கா இருக்கிறது. நம்மவர்கள் பெருந்திரளாக வாழும் பகுதிக்குப் பக்கத்திலேயே, நுழைவுக் கட்டணமில்லாமல், ஆறும் காடும். அங்கே உண்ணி உண்டு, புல்லில் நடந்தால் காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொண்டு, வீடு வந்ததும் உடம்பைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

எங்கே போனாலும் மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். வந்துபோகும் விருந்தினருக்கு மாகாணத்தின் இலவச மருத்துவம் கிடையாது. கணுக்கால் முறிவுகூடப் பெரிய தொகையில் முடியும். ஸ்கீயிங் போன்ற விளையாட்டுகளை அந்தக் காப்பீடு விலக்கி வைத்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள்.

அல்கோன்குவின் என்று முடிவெடுத்தவர்கள், உங்களை அழைத்துப் போகப்போகிறவர்களிடம் இப்போதே சொல்லிவையுங்கள். உட்பகுதி இடங்களை ஐந்து மாதம் முன்பு, காலை ஏழு மணிக்குத் திறக்கிறார்கள். செப்டம்பர் 10-ஆம் தேதி கேனோ ஏற வேண்டியவர் ஏப்ரல் 10 காலை ஏழு மணிக்கு முன்பதிவுத் தளத்தில் இருக்க வேண்டும். ஜோ ஏரி கிடைக்காவிட்டால் கேனோ ஏரியிலேயே ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.